மந்திரத்துக்கும் லிமிட் வேண்டும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறேன்.)



இந்த மேடையில் வழக்கமாகத் தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் பற்றித்தான் பேசுவோம். இன்று மந்திரம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் நம் பார்ட்டி ஹாலில் ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். அதில் ஒரு சண்டை வந்தது. சண்டை பிள்ளைகளோடு நிற்காமல் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து கமிட்டிக்கு வந்தது. "இனிமேல் ஹால் தர வேண்டாம், ஏதோ மந்திரம் மாயம் என்று ஆடுகிறார்கள்" என்று ஒரு கடிதமும் வந்தது. முடிவு எடுக்கும் முன் யாராவது போய் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். ரிட்டயர் ஆன ஆள், சர்க்குலர் படித்தே காலம் கழித்தவர் என்று என்னை அனுப்பினார்கள். நான்கு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதில் கட்டம் போட்ட பலகை அவசியமில்லை. ஒருவர் கதை நடத்துவார். பசங்க அவரை டி.எம். என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி வில்லாளி, ஒருவன் வைத்தியன், ஒருவன் மந்திரவாதி. "குகைக்குள் தண்ணீர் ஏறுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று டி.எம். கேட்பார். செய்ய நினைப்பதைச் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகம் உள்ள பகடைகூட வைத்திருக்கிறார்கள்.

இந்த வகைக்கு மூலம் 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. முதலில் அச்சடித்தது 1,000 பிரதிதான். கைகாக்ஸ் அதற்குச் சில வருஷம் முன்பு வரை ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் அண்டர்ரைட்டர். ஆபத்து எவ்வளவு, அதற்குப் பிரீமியம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிற வேலை. இதைப் படித்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. மந்திர விதி எழுதியவர் மந்திரவாதி இல்லை, நம்மைப் போல ஒரு மேஜை உத்தியோகஸ்தர்.

நம் பிள்ளைகள் ஆடுவது அதைப் பார்த்து அவர்களே எழுதிக்கொண்ட ஆட்டம். ஒரு கோடு போட்ட நோட்டு. பருத்திப்பட்டு ஏரியில் ஒரு பூதம் இருக்கிறது. திருமுல்லைவாயில் பக்கம் ஒரு சுரங்கப் பாதை போகிறது. படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் நோட்டில் சண்டைக்கு ஆறு பக்கம் விதி, மந்திரத்துக்கு அரைப் பக்கம். "மந்திரவாதி மந்திரம் போடலாம். டி.எம். சரி என்றால் பலிக்கும்." அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் படித்ததுமே சண்டை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வாள் வீசுகிறவனுக்கு இயற்கையே ஒரு லிமிட் வைத்திருக்கிறது. கை எட்டும் தூரம், உடம்பின் பலம். மந்திரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆட்டத்தை எழுதுகிறவர் வைத்தால்தான் உண்டு. வைக்காவிட்டால் மந்திரவாதி ஒருவனே எல்லாக் கதவையும் திறப்பான், எல்லா எதிரியையும் எரிப்பான். மற்றவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

அந்த லிமிட்டை எப்படி வைத்தார்கள் என்று தேடிப் படித்தேன். கைகாக்ஸ் வைத்தது செக் புத்தக முறை. ஜாக் வான்ஸ் என்பவர் 1950-ல் எழுதிய ஒரு கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு முறை சொன்னதும் அது மறந்துபோகும். செக் தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டால் திரும்ப வராது அல்லவா, அதுபோல. முதல் படியில் இருக்கும் மந்திரவாதிக்கு அன்று ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம்தான். எலி வந்தாலும் அதுதான், புலி வந்தாலும் அதுதான்.

அடுத்த வருஷமே, 1975-ல், கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்று ஒன்று கொண்டுவந்தார். அவர் ஃபீனிக்ஸ் நகரப் பொது நூலகத்தில் வேலை பார்த்தவர். அவர் ஆட்டத்தில் மந்திரம் போட்டால் உடம்பு பலம் குறையும், ஓய்வெடுத்தால் மெதுவாக ஏறும். மந்திரம் போட்டு முடித்தவன் கத்தியைத் தூக்கக்கூடத் திணறுவான். பின்னால் வந்த வேறு ஆட்டங்களில் மந்திரத்துக்கென்று தனியாகப் புள்ளி வைத்தார்கள். அதை எஸ்.பி. கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் இருக்கும்வரை எடுக்கலாம், பெரிதாக ஒன்று எடுத்தால் சின்னது நான்கு போச்சு.

எது நல்லது என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு செக் புத்தகம்தான் பிடித்தது. புள்ளி முறையில் ஆட்கள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செக் முறையில் "இப்போதா, அப்புறமா" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வியில் கதை இருக்கிறது.

இதை நமக்கு அமெரிக்கர் வந்து சொல்ல வேண்டியதில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கர்ண மோட்சம் என்றால் விடிய விடிய உட்காருவோம். கர்ணன் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தான். இந்திரன் பதிலுக்குச் சக்தி ஆயுதம் கொடுத்தான். அதற்குப் போட்ட நிபந்தனையைப் பாருங்கள். எறிந்தால் குறி தப்பாது, ஆனால் ஒரே ஒருவரைத்தான் கொல்லும். கொன்றதும் இந்திரனிடமே திரும்பிப் போய்விடும். வேறு ஆயுதம் கையில் இருக்கும்போது, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது எறிந்தால் எறிந்தவன் மேலேயே விழும். வங்கியில் இப்படி ஒரு சாங்ஷன் லெட்டர் எழுதினால் ஆடிட்டர் ஒரு கமா மாற்ற மாட்டார்.

கர்ணன் அதை அர்ச்சுனனுக்கென்று பத்திரமாக வைத்திருந்தான். பதினான்காம் நாள் ராத்திரி கடோத்கசன் வந்து கௌரவ சேனையைத் துவம்சம் செய்கிறான். எல்லோரும் "எறி, எறி" என்கிறார்கள். எறியாவிட்டால் விடியும்போது சேனை இருக்காது. எறிந்தான். கடோத்கசன் விழுந்தான், அர்ச்சுனன் பிழைத்தான். அந்த ஆயுதத்தைக் கர்ணன் தினமும் எறியலாம் என்று இருந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். நாமும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்போம். விடிய விடிய நம்மை உட்கார வைத்தது அந்த 'ஒரே முறை'.

நாராயணாஸ்திரமும் அப்படித்தான். எதிர்த்தால் வேகம் கூடும். ஆயுதத்தைக் கீழே போட்டு நின்றால் ஒன்றும் செய்யாமல் போய்விடும். மந்திரத்துக்கு மாற்று இருக்க வேண்டும், அந்த மாற்று எதிராளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் செய்வதற்குக் கஷ்டமாக இருக்க வேண்டும். பீமனால் ஆயுதத்தைக் கீழே போட முடியவில்லை. தேரிலிருந்து இழுத்துப் போட வேண்டியிருந்தது. அது பீமனின் குணம். விதி சரியாக இருந்தால் குணம் தானாக வெளியே வரும்.

பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் இருபத்திரண்டு மந்திரம் எழுதி வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் செலவு, எல்லை, காலக்கெடு, மாற்று என்று நாலு காலம். நான் சிவப்பு மை எடுத்துச் சென்றேன், பழக்கம் விடவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், சிரிப்பீர்கள். ஒரு மந்திரம், கையில் இருக்கும் காசை இரட்டிப்பாக்கும். செலவு 10 காசு. எழுதிய பையன் செலவு வைத்துவிட்டோம், எல்லாம் சரி என்று நினைத்தான். 100 காசோடு ஆரம்பித்தால் 10 போக 90, அது 180. அடுத்த முறை 340. பத்து முறை போட்டால் 80,000-ஐத் தாண்டிவிடும். "தம்பி, இது மந்திரம் இல்லை, ஃபைனான்ஸ் கம்பெனி" என்றேன். அவன் அப்பா பின்னால் நின்று சிரித்தார். செலவு என்பது வரவு வருகிற பொருளிலேயே இருந்தால் அது செலவே இல்லை. மந்திரம் காசு கொடுத்தால் விலை உடம்பில் இருக்க வேண்டும், அல்லது நாளில், அல்லது வேறு எதிலாவது.

பகடைக் கணக்கும் போட்டோம். பெரிய ஆட்டத்தில் தீப்பந்து என்று ஒரு மந்திரம். இப்போதைய விதிப்படி ஆறு முகப் பகடை எட்டை உருட்ட வேண்டும். ஒரு பகடைக்குச் சராசரி மூன்றரை, ஆக 28. ஒரு கத்தி வீச்சின் சராசரி ஏழு, எட்டு. அதனால்தான் தீப்பந்தை ஐந்தாம் படிக்கு முன் தருவதில்லை. வந்த பிறகும் நாளைக்கு இரண்டு முறைதான். பிள்ளைகளுக்குச் சராசரி புரிந்தது, வாய்ப்பு என்பது புரியவில்லை. தாயக்கட்டையை எடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் ஆடிய முறைப்படி ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டை, 16 விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டே விதம். எட்டுக்கு ஒன்று. அதுவரை காய் உள்ளே வராது. "எட்டுக்கு ஒன்று என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று உட்கார்ந்து பார்" என்று கட்டையை ஒருவன் கையில் கொடுத்தேன். பதினோராவது தடவை விழுந்தது. அதற்குள் மூன்று பேர் அவனைக் கேலி செய்து முடித்திருந்தார்கள். தங்கள் பெரிய மந்திரங்களுக்கு அவர்களே வாய்ப்பைக் கூட்டிக்கொண்டார்கள்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

ஏழாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. அவளுடைய வில்லாளி ஆட்டத்தில் செத்துப்போனாள். ஐந்து மாதம் ஆடி வளர்த்த பாத்திரம், படம் எல்லாம் வரைந்து வைத்திருந்தாள். "காப்பாற்ற வழி இருக்கா?" என்று கேட்டாள். டி.எம். பையன், "செத்தா செத்ததுதான்" என்றான். அழுதாள், ஆனாலும் ஒத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து ஒரு பையனுடைய மந்திரவாதி செத்தான். அப்போது கதையில் ஒரு சித்தர் வந்தார், தண்ணீர் தெளித்தார், மந்திரவாதி எழுந்து உட்கார்ந்தான். அந்தப் பையனும் டி.எம்.மும் ஒரே வகுப்பு, ஒரே வேன். அந்தப் பெண் எழுந்து போனவள் திரும்ப வரவில்லை. மற்றது வாட்ஸ்அப்பில் நீங்கள் படித்ததுதான்.

டி.எம். பையன் கெட்டவன் இல்லை. "கதைக்கு அது நல்லா இருந்துச்சு தாத்தா" என்றான். இருந்திருக்கலாம். நான் அவர்களுக்கு இரண்டு கதை சொன்னேன்.

ஒன்று மார்க்கண்டேயன். பதினாறு வயசு என்பது விதி. எமன் வந்துவிட்டான், பாசக்கயிறு விழுந்துவிட்டது. சிவன் வந்து எமனை உதைத்தார். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய் வந்தவர்கள் நம்மிடையே நிறைய பேர், அந்தக் கதையை நம்பித்தான் போகிறோம். அது அருள். அருளுக்கு விதி எழுத முடியாது, ஏன் எனக்கு இல்லை என்று கேட்கவும் முடியாது.

இன்னொன்று சாவித்திரி. காரடையான் நோன்புக்கு அடை தட்டுகிற எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. எமன் சத்தியவான் உயிரை எடுத்துக்கொண்டு போகிறான். பின்னாலேயே போகிறாள். "உன் புருஷன் உயிரைத் தவிர எது வேண்டுமானாலும் கேள்" என்கிறான். மாமனாருக்குக் கண், ராஜ்யம் என்று கேட்டு வாங்கி, கடைசியில் தனக்குப் பிள்ளைகள் வேண்டும் என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் புரிகிறது. எமன் நினைத்திருந்தால் இல்லை என்றிருக்கலாம். அவன்தானே பெரிய டி.எம்.! ஆனால் விதியை வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. அவள் அந்த விதிக்குள்ளேயே நின்று ஜெயித்தாள். கட்டுப்பட்டான்.

"உங்கள் ஆட்டத்தில் செத்தவர் பிழைப்பது மார்க்கண்டேயன் வழியா, சாவித்திரி வழியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் டி.எம். பையனே, "மார்க்கண்டேயன் வழின்னா நான்தான் தாத்தா சிவன். அது சரி வராது" என்றான். பதினைந்து வயசு. எனக்கு அவன் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

பெரிய ஆட்டத்தில் இதற்கு விலைப்பட்டியலே இருக்கிறது. செத்து ஒரு நிமிஷத்துக்குள் எழுப்ப 300 பொற்காசு பெறுமான வைரம், பத்து நாளுக்குள் என்றால் 500. வைரம் அதோடு கரைந்துபோகும். நம் பிள்ளைகள் அதை வேண்டாம் என்றார்கள். காசு இருக்கிறவன் மட்டும் சாகவே மாட்டான் என்று ஒரு ஆறாம் வகுப்புப் பெண் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் வாதாடி அவர்கள் எழுதியது இது: எழுப்புகிறவர் தன் உயிர்ப் புள்ளியில் ஐந்தை நிரந்தரமாக இழக்க வேண்டும். அன்றைய ஆட்டம் முடிவதற்குள் செய்ய வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு வாழ்நாளில் ஒரே முறை. டி.எம். நடத்தும் பாத்திரம் யாரும் இதைச் செய்யக் கூடாது. கடைசி வாக்கியத்தை டி.எம். பையனே தன் கையால் எழுதினான். சித்தர் அதோடு ரிட்டயர்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. இந்த விதி எந்தத் தேதியிலிருந்து? வங்கியில் சர்க்குலர் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். முன்தேதியிட்டு அமல் என்றால் வில்லாளியை எழுப்ப வேண்டும். இல்லை என்றால் மந்திரவாதி ஓசியில் பிழைத்தது அப்படியே நிற்கும். இரண்டு பேர் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வந்தார்கள். விதியை முழுக்கப் படித்தாள். வில்லாளியை எழுப்பித் தருகிறோம், செலவை நாங்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றாள். அவள் செத்ததாகவே இருக்கட்டும், நான் அவளுடைய தங்கையாக ஆடுகிறேன் என்றாள். "ஆனா மந்திரவாதிக்கு அஞ்சு புள்ளி குறையணும். அவனை எழுப்பினதுக்கு யாரும் விலை கொடுக்கல." அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் அழிரப்பரை எடுத்தான். 22 இருந்தது 17 ஆனது.

மந்திரம் என்று பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். 1980-களில் அமெரிக்காவிலும் இதே பயம் இருந்தது, பிள்ளைகள் பில்லி சூனியத்தில் இறங்கிவிடுவார்கள் என்று. இந்த நோட்டை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். பெருக்கல், சராசரி, நிபந்தனை, தேதி, இவைதான் நிறைய இருக்கின்றன. சில இடத்தில் என் பழைய லெட்ஜரைவிடச் சுத்தமாக இருக்கிறது. கதைக்கு நம் ஊரே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் அந்தப் பெரிய கம்பெனியே வெளியிட்ட ஒரு தொகுப்பில் மிமி மண்டல் என்ற இந்திய எழுத்தாளர் வங்காளத்துச் சூழலை வைத்து ஓர் ஆட்டக்கதை எழுதியிருக்கிறார். திருவள்ளூர் மாவட்டத்துக்கு இன்னும் யாரும் எழுதவில்லை என்று நம் பசங்க உறுதியாக நம்புகிறார்கள்.

ஹால் விஷயம் கமிட்டியின் அடுத்த தீர்மானத்தில் இருக்கிறது. சனிக்கிழமை 5 மணி முதல் 7 மணி வரை என்று பிள்ளைகள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நாற்காலியை அடுக்கி வைப்பது, ஃபேன், லைட் அணைப்பது அவர்கள் பொறுப்பு. சிப்ஸ் பாக்கெட் குப்பைக்கும் ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: விட்டுச் சென்றவருக்கு அடுத்த வாரம் ஒரு மந்திரம் குறையும். கடிதத்தின் நகல் செயலாளரிடம் இருக்கிறது. படித்துப் பார்த்து வாக்களியுங்கள்.